கத்திக்கு ஆறாத புண்

மகப்பேற்றைப் பெண்ணின் மறுபிறப்பு என்று சொல்லும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. அச்சொல்லிலே மகிழ்ச்சி பாதி, அச்சம் பாதி. குழந்தை பிறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டவர்கள், ஆணா பெண்ணா என்று கேட்ட வாயினாலேயே ‘தாய் சுகமா?’ என்று கேட்பதும் அந்த அச்சத்தினாலேயாகும். தாயும் சேயும் நலம் என்ற விடை கிடைத்த பின்னரும், தாயின் உடலிலே ஆறவேண்டிய புண் ஒன்று இருக்குமாயின், அது ஆறும் வரையில் வீட்டார் மனமும் ஆறுவதில்லை.

அப்புண் ஆறுவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் வளருமாயின் என்ன செய்வது? வைத்தியர் அதனை வெட்டித் துப்புரவு செய்யச் செய்ய, வெட்டிய விளிம்பிலிருந்தே அது மேலும் விரியுமாயின் யாரைக் குறை சொல்வது? இப்படியும் ஒரு நோய் உண்டு. அதனை மருத்துவ நூல்கள் ‘பயோடேர்மா கங்கிரினோசம்’ என்று வழங்குகின்றன. அது மிக அரிய நோய். பத்து இலட்சம் மக்களுள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 பேர் முதல் 10 பேர் வரையிலேயே அதற்கு ஆளாகின்றனர். அவர்களுள்ளும் கருவுற்ற காலத்திலோ, பிள்ளை பெற்ற பின்னரோ அதனைக் காண்பவர் மிகச் சிலரேயாவர். ஆயினும் அந்நோயின் வரலாறு அறியத்தக்கது. ஓரிடத்திலே இலட்சக்கணக்கான தாய்மாரைக் காத்த அறிவு, மற்றோரிடத்திலே மருத்துவரின் கண்ணை எவ்வாறு மறைத்தது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

கதை இந்நோயிலிருந்து தொடங்கவில்லை. அதற்கு நேர்மாறான வேறொரு நோயிலிருந்தே தொடங்குகின்றது. ஐரோப்பிய நகரங்களிலே 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பெரிய பிரசவ வைத்தியசாலைகள் எழுந்தன. வறிய பெண்கள் அங்கே பிள்ளை பெற வந்தனர். வந்தவர்களுட் பலர் பிள்ளை பெற்ற இரண்டாம் மூன்றாம் நாளிற் காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, ஒரு கிழமைக்குள் மாண்டனர். பிரசவக் காய்ச்சல் என்ற அக்கொடுமைக்குக் காற்றும், நாற்றமும், தாயின் மனத் துயரும் காரணங்களாகக் கூறப்பட்டன.

ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கோர்டன், மருத்துவரும் மருத்துவிச்சிகளுமே அந்நோயை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டு செல்கின்றனர் என்று 1795ஆம் ஆண்டில் எழுதினார். தாமும் அவ்வாறு கொண்டு சென்றதை அவர் மறைக்கவில்லை. அமெரிக்காவிலே ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் 1843இல் அதே கருத்தை வலியுறுத்தினார். இருவருக்கும் கிடைத்தது பெரும்பாலும் வெறுப்பேயாகும்.

வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவிலே மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவிலே மருத்துவிச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவிற் பிள்ளை பெற்ற 4,010 தாய்மாருள் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவிற் பிள்ளை பெற்ற 3,754 தாய்மாருள் இறந்தவர் 105 பேர். முதற் பிரிவிற் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். அங்கே உதவி மருத்துவராயிருந்த இக்னாஸ் செமல்வைஸ் இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடித் தவித்தார். 1847ஆம் ஆண்டு அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி பட்ட காயத்தினால் இறந்தார். அவருடைய உடலிற் கண்ட மாற்றங்களும், இறந்த தாய்மாரின் உடல்களிற் கண்ட மாற்றங்களும் ஒன்றாகவே இருந்தன. பிணத்தைத் தொட்ட கைகளே தாய்மாரைக் கொல்கின்றன என்று செமல்வைஸ் தெளிந்தார். அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடலாகாது என்று விதித்தார். 1848ஆம் ஆண்டில் அதே முதற் பிரிவிலே 3,556 தாய்மாருள் இறந்தவர் 45 பேர் மாத்திரமே.

செமல்வைஸை அவர் காலத்து உலகம் போற்றவில்லை. 1865இல் மனநோயாளர் விடுதி ஒன்றிலே, புண்ணொன்று சீழ்கொண்டு நஞ்சாகி அவர் மாண்டார். ஆயினும் அவர் வழி வென்றது. லூயி பாஸ்டர் 1879இற் பிரசவக் காய்ச்சலின் கிருமி சங்கிலி வடிவாயிருப்பதைப் பாரிஸ் மருத்துவக் கழகத்திலே கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1936இல் இலண்டன் குவீன் சார்லொட் வைத்தியசாலையிலே லெனார்ட் கோல்புரூக், ஜேர்மனியரான டொமாக் கண்டறிந்த ‘புரொன்ரொசில்’ என்ற மருந்தினைப் பிரசவக் காய்ச்சல் கண்ட 38 தாய்மாருக்குக் கொடுத்தார். அவர்களுள் 35 பேர் பிழைத்தனர். பின்னர் பெனிசிலினும் வந்தது. நூற்றாண்டுகளாகத் தாய்மாரை விழுங்கிய பெருங்கொடுமை மனித அறிவின் முன்னே பணிந்தது.

இப்பெரு வெற்றியிலிருந்து மருத்துவ உலகம் ஒரு பாடத்தைக் கற்றது. பிள்ளை பெற்ற தாயின் உடலிலே புண் சிவந்து, வீங்கி, சீழ்கொண்டால் அங்கே கிருமி உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொடு. அழுகியதை வெட்டி எறி. தாமதித்தால் தாய் இறப்பாள். இப்பாடம் உண்மையான பாடம். அது எழுதப்படுவதற்கு எத்தனையோ ஆயிரம் உயிர்கள் விலையாயின. இன்றும் நூற்றுக்குத் தொண்ணூறு புண்களுக்கும் மேலாக அப்பாடமே பொருந்தும். பொருந்தாத புண்ணும் ஒன்று உண்டு என்பதுதான் அடுத்த கதை.

பாரிஸ் நகரத்துச் சென் லூயி வைத்தியசாலை தோல் நோய்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே பணியாற்றிய லூயி புரொக் என்பவர், ஒழுங்கான வரம்புடன் நாற்புறமும் பரவிச் சென்று தோலைத் தின்னும் விந்தையான புண்களைக் குறித்து 1916இல் எழுதினார். பரவும் புண்ணின் விளிம்பு வட்டமும் வளைவுமாகக் கணித உருப்போலத் தெளிந்திருந்தமையால், அந்த வடிவத்தை வைத்தே அவர் அதற்குப் பெயரிட்டார்.

அமெரிக்காவிற் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே பெண் நோய் மருத்துவராயிருந்த தோமஸ் கல்லன், 1924இல் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டார். வயிற்றினுள் இருந்த சீழ்க்கட்டியைத் திறந்து வடித்த பின்னர், வெட்டிய இடத்திலே தோன்றிய புண் வயிற்றுச் சுவரின் தோலையும் கொழுப்பையும் அழித்துக்கொண்டு இடைவிடாது விரிந்த வரலாறு அது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் நியூயோர்க்கிலே புரூவர், மெலனி என்னும் இருவர், குடல்வால் அழற்சிக்குச் செய்த சத்திரசிகிச்சையின் பின் எழுந்த அத்தகைய புண்ணை ஆராய்ந்து, இரண்டு வகைக் கிருமிகள் கூட்டுச் சேர்ந்து அழிவு செய்கின்றன என்று விளக்கினர். மெலனியின் வழியிற் சென்றவர்கள் அகலமாக வெட்டி நீக்குவதையே அதற்குச் சிகிச்சையாகக் கொண்டனர். கிருமிக் கூட்டினால் அழுகும் புண் உண்மையில் உண்டு. ஆனாற் கல்லன் விவரித்த புண் அவ்வகையைச் சேர்ந்ததன்று என்றும், சத்திரசிகிச்சையின் பின் தோன்றும் பயோடேர்மா கங்கிரினோசத்தின் முதற் பதிவு அதுவாகலாம் என்றும் பிற்கால அறிஞர் கருதுகின்றனர். அக்காலத்திலோ அந்த வேறுபாட்டைக் கண்டவர் எவருமிலர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. கிருமிக்கு அஞ்சப் பழகிய கண்ணுக்குப் புண்ணெல்லாம் கிருமியாகவே தோன்றியது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் றொச்செஸ்டர் என்ற சிறு நகரம் உண்டு. அங்கே அமைந்த மேயோ மருத்துவ நிலையம், பல துறை மருத்துவர் ஒன்றுகூடி ஒரே நோயாளியை ஆராயும் முறையினால் உலகப் புகழ் பெற்றது. 1930ஆம் ஆண்டு அந்நிலையத்துத் தோல் நோய் மருத்துவர் மூவர், பிரன்ஸ்ரிங், கோக்கர்மன், ஓலியரி என்போர், ஐந்து நோயாளரைப் பற்றி எழுதினர். சிறு கொப்புளமாய்த் தொடங்கிய புண், நீலங்கலந்த செந்நிற விளிம்புடன் விரைந்து பரந்து, பெருந்துன்பம் விளைத்தது. ஐவருள் நால்வருக்குப் பெருங்குடலிலே புண் இருந்தது. ஐந்தாமவருக்கு மார்பினுள்ளே நெடுநாட் சீழ் இருந்தது.

தோலிலே காணும் புண்ணுக்கும் குடலின் உள்ளே இருக்கும் நோய்க்கும் உறவு உண்டு என்று கண்டமை அம்மூவரின் பெருமையாகும். ஆயினும் அவ்வுறவுக்கு அவர்கள் கூறிய விளக்கம் தம் காலத்தின் விளக்கமாகவே அமைந்தது. உடலின் உள்ளே உள்ள சங்கிலிக் கிருமி வலுவிழந்த நோயாளியின் தோலைத் தாக்கி அதனை அழுகச் செய்கின்றது என்று அவர்கள் எண்ணினர். பெயரையும் அதற்கேற்பவே சூட்டினர். ‘பயோடேர்மா’ என்றாற் சீழ்கொள்ளும் தோல் நோய். ‘கங்கிரினோசம்’ என்றால் அழுகுவது. பின்னர் ஆராய்ந்தபோது இந்நோய்க்குக் கிருமி காரணமன்று என்றும், இங்கே நிகழ்வது உண்மையான அழுகலுமன்று என்றும் தெரிந்தது. பெயரின் இரண்டு பாதிகளும் பிழை. எனினும் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்தாற் பெயர் தூண்டும் எண்ணமும் நிலைக்கும். அழுகல் என்ற சொல்லைக் கேட்ட கை கத்தியைத் தேடுவது இயல்பே.

பிழை திருந்தியதும் அதே றொச்செஸ்டர் நகரிலேதான். தோல் நோய்ப் பிரிவினர் தம் ஐந்து நோயாளரை ஆராய்ந்துகொண்டிருந்த அக்காலத்திலே, அந்நிலையத்தின் மூட்டுவாத மருத்துவர் பிலிப் ஹென்ச் வேறொரு புதிரை நோக்கிக்கொண்டிருந்தார். 1929இல் மூட்டுவாதத்தால் வருந்திய நோயாளி ஒருவர், தமக்கு மஞ்சட் காமாலை வந்தபோது மூட்டு வலி மறைந்துவிட்டது என்று அவரிடம் கூறினார். ஹென்ச் அதனை அலட்சியம் செய்யவில்லை. தொடர்ந்து நோக்கியபோது, மூட்டுவாதம் உள்ள பெண்கள் பலருக்குக் கருவுற்ற மாதங்களில் வலி தணிவதையும், பிரசவத்தின் பின்னர் அது திரும்புவதையும் கண்டார். 1938இல் அதைக் குறித்து எழுதினார். மூட்டுவாதம் கிருமியினால் வரும் தீராத நோய் என்று கருதப்பட்ட காலம் அது. கிருமி நோயாயின் கருப்பம் அதனை எவ்வாறு தணிக்கும்? உடல் தானே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் அழற்சியை அடக்குகின்றது என்று ஹென்ச் ஊகித்தார்.

அந்நிலையத்திலேயே பணியாற்றிய இரசாயன அறிஞர் எட்வர்ட் கென்டல், சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்று போதிய அளவிற் செய்யப்பட்டதும், 1948ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், மூட்டுகள் முடங்கிக் கிடந்த பெண் நோயாளி ஒருவருக்கு அது ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ‘கோட்டிசோன்’ என்று பெயர்பெற்ற அம்மருந்துக்காக ஹென்ச், கென்டல், சுவிற்சர்லாந்தின் றைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருவுற்ற பெண்கள் தம் மருத்துவரிடம் சொன்ன ஒரு சிறு செய்தியும் அம்மருந்துக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று என்பது மறக்கத்தக்கதன்று.

1950களிலே இவ்வகை மருந்துகள் பல நோய்களுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டன. பயோடேர்மா கங்கிரினோசத்துக்குக் கொடுத்தபோது, கிருமிகொல்லி மருந்துகளுக்கு அடங்காத புண் அடங்கியது. இது சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி. கோட்டிசோன் இன மருந்து கிருமியைக் கொல்வதன்று. கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலைக் குறைப்பது. புண்ணுக்குக் காரணம் கிருமியாயின் அம்மருந்தினாற் புண் பெருகவேண்டும். பெருகாமல் ஆறியது. அப்படியாயின் பகைவன் வெளியிலிருந்து வந்தவனல்லன். உடலைக் காக்கும் காவற் படையே வழிதவறி உடலைத் தாக்குகின்றது.

அக்காவற் படை குருதியிலே ஓடும் வெண்கலங்களாகும். அவற்றுள் நியூத்திரோபில் என்பவை காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருவன. வந்து, கிருமியை விழுங்கி, மாண்டு, சீழாகின்றன. பயோடேர்மா கங்கிரினோசத்தில் அவை எதிரி இல்லாத இடத்திலே திரண்டு, தம் படைக்கலங்களைத் தாம் காக்கவேண்டிய இழையத்தின் மீதே பிரயோகிக்கின்றன. ஆதலினாற் சீழ் உண்டு, கிருமி இல்லை. காய்ச்சலும் வரலாம், குருதியில் வெண்கலங்களின் தொகையும் ஏறலாம். வெளித்தோற்றம் அனைத்தும் கிருமி நோயின் தோற்றமே.

இந்நோய் உடையோர் பலரிடத்தே மற்றுமொரு இயல்பு காணப்படும். தோலிலே சிறு காயம் பட்டாலும் அவ்விடத்திற் புதிய புண் எழும். ஊசி குத்திய துளை போதும். தையல் நூல் சென்ற துளையும் போதும். மருத்துவர் இவ்வியல்பைப் ‘பதேர்ஜி’ என்பர். பிழையாக உசுப்பிவிடப்பட்ட காவலாளி, இலை அசைந்தாலும் வாளை வீசுவதை ஒத்தது அது. கத்தி ஏன் பகையாகின்றது என்பதற்கு விடை இதுவே. பழுதுபட்டதென்று வெட்டி எறியும் ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய காயம். ஒவ்வொரு புதிய காயமும் ஒரு புதிய அழைப்பு. புண்ணை மூட வேறிடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டினால், எடுத்த இடமும் புண்ணாவதுண்டு.

இனித் தாய்மாரிடம் திரும்பலாம். கருவுற்ற காலத்திலே பெண்ணின் குருதியில் நியூத்திரோபில் கலங்கள் இயல்பாகவே பெருகும். அது நோயன்று, இயற்கையின் ஏற்பாடு. மூட்டுவாதம் பலருக்குத் தணியும் அதே காலத்திலே இப்புண் சிலருக்கு முதன்முறையாகத் தோன்றுவதற்கும், ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மிகுவதற்கும் இது ஒரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் சுட்டுகின்றனர். மற்றொரு காரணம் வெளிப்படையானது. அது சத்திரசிகிச்சைக் காயம்.

1882ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து மக்ஸ் சேங்கர், வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்த பின் கருப்பையைத் தைத்து மூடும் முறையை நிறுவினார். அதற்கு முன்னர் அச்சிகிச்சையிற் பிழைத்த தாய்மார் குறைவு. அதன் பின்னரும், கிருமிகொல்லி மருந்துகளும் குருதியேற்றலும் வந்த பின்னரும், சிசேரியன் உலகெங்கும் உயிர்காக்கும் சாதாரண சிகிச்சையாயிற்று. எண்ணற்ற குழந்தைகளும் தாய்மாரும் அதனால் வாழ்கின்றனர். ஆனால் இந்நோயின் வித்தைத் தம் உடலிலே அறியாமற் சுமக்கும் மிகச் சிலருக்கு, அடிவயிற்றின் அந்த வெட்டே நோயை எழுப்பும் காயமாகின்றது. மகப்பேற்றோடு தொடர்புற்றதாக மருத்துவ ஏடுகளிற் பதிவான இத்தகைய புண்களுட் பல, சிசேரியன் தழும்பிலிருந்து தொடங்கியவையே.

அந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. பிரசவத்தின் பின் சில நாட்களில் வெட்டிய இடம் சிவக்கும். தையலின் ஓரத்திலே சிறு சீழ்க்கொப்புளங்கள் எழும். காயத்தின் அளவுக்கு மீறிய வலி எழும். காய்ச்சல் காணும். கிருமியென்று எண்ணி மருந்து கொடுக்கப்படும், குணமில்லை. மேலும் வலிய மருந்து, அதற்கும் குணமில்லை. புண் இதற்குள் விரிந்துவிடும். தசையைத் தின்னும் கொடிய கிருமி நோயோ என்று அஞ்சிச் சத்திரவைத்தியர் வெட்டித் துப்புரவு செய்வார். இரண்டொரு நாளிற் புதிய விளிம்பும் கருநீலமாகும். மீண்டும் வெட்டு. குழந்தை ஒரு விடுதியிலும் தாய் ஒரு விடுதியிலுமாகக் கிழமைகள் கழியும். பால் கொடுக்கவேண்டிய கை குழந்தையை ஏந்த இயலாது தளரும். சோதனைச்சாலையிலிருந்து ‘கிருமி வளரவில்லை’ என்ற அறிக்கை வரும்போதெல்லாம், முன்கூட்டியே கொடுத்த மருந்தினால் அது மறைந்தது போலும் என்று அதற்குச் சமாதானம் கூறப்படும். கடைசியில் யாரோ ஒருவர், பெரும்பாலும் தோல் நோய் மருத்துவர், விளிம்பின் நிறத்தை நோக்கி, இது வேறு என்பார்.

அச்சத்திரவைத்தியரைக் குறைகூறுவது எளிது, நீதியன்று. அவர் கற்ற பாடம் செமல்வைஸின் பாடம். தசையைத் தின்னும் கிருமி நோயாயின், வெட்டத் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் உயிரை வாங்கும். இந்நோயாயின், வெட்டும் ஒவ்வொரு முறையும் புண்ணை வளர்க்கும். இரண்டும் முதல் நாளில் ஒரே முகம் காட்டுகின்றன. இரண்டுக்கும் மருந்து நேர்மாறானது. இக்கட்டு அங்கேதான் இருக்கின்றது.

எதிர்ப்புறத்துப் பிழையும் உண்டு. மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2002ஆம் ஆண்டில், வேறு நோய்களை பயோடேர்மா கங்கிரினோசம் என்று தவறாகக் கொண்ட 95 நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களுட் சிலருக்குக் குருதிக் குழாய் நோய், சிலருக்குப் புற்றுநோய், சிலருக்கு உண்மையாகவே கிருமி நோய். கிருமி உள்ள புண்ணுக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது, கள்வன் புகுந்த வீட்டிலே காவலாளியைக் கட்டிவைப்பதாகும். நோய்க்குப் பெயர் சூட்டிய நிலையமே, அப்பெயரை எளிதில் வழங்காதீர் என்று எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் எச்சரித்தமை அறிவுலகின் நேர்மைக்குச் சான்றாகும்.

ஆகவே முடிவு செய்வதற்கு நெறி வேண்டும். நெடுங்காலம் இந்நோய் மற்றெல்லா நோய்களையும் நீக்கிய பின்னரே துணியப்பட்டு வந்தது. 2018இற் பல நாட்டு நிபுணர் கலந்தாராய்ந்து ஓர் அளவுகோலை வகுத்தனர். புண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால் நியூத்திரோபில் கலங்கள் திரண்டிருத்தல் வேண்டும் என்பது அதன் தலையாய விதி. அதற்குத் துணையாக எட்டுக் குறிகளை வகுத்து, அவற்றுட் குறைந்தது நான்கேனும் காணப்படல் வேண்டும் என்றனர். கிருமி இல்லையென நிறுவப்படுதல், காயம்பட்ட இடத்திற் புண் எழுதல், குடல் அழற்சியோ மூட்டழற்சியோ முன்னர் இருந்திருத்தல், கொப்புளம் தோன்றி நான்கு நாட்களுக்குள் புண்ணாதல், தக்க மருந்து தொடங்கிய ஒரு மாதத்துக்குள் புண் சுருங்குதல் ஆகியவை அக்குறிகளுட் சில.

மருந்திலும் முன்னேற்றம் உண்டு. 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, 30 நோயாளரிடத்தே ‘இன்ஃபிளிக்சிமப்’ என்ற புதுமருந்தின் பயனை நிறுவியது. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலே 121 நோயாளருட் பாதியளவினருக்குக் கோட்டிசோன் இனத்ததான பிரெட்னிசொலோனும், மற்றையோருக்குச் சைக்கிளோஸ்போரினும் கொடுத்து ஒப்பிட்டனர். ஆறு மாதத்தில் இரு சாராரிலும் நூற்றுக்கு 47 பேருக்குப் புண் ஆறியது. பாதிப்பேருக்கு ஆறு மாதத்திலும் ஆறவில்லை என்பதிலிருந்து இந்நோயின் பிடிவாதத்தை உணரலாம்.

கருவுற்ற தாய்க்கு மருந்து கொடுக்கும்போது இரண்டு உயிர்களை எண்ணவேண்டியுள்ளது. மெதொட்ரெக்சேற், மைக்கோபினொலேற் என்பன கருவுக்குத் தீங்கு செய்வன. ஆதலின் அவை விலக்கப்படுகின்றன. பிரெட்னிசொலோனோவெனில் அதன் பெரும்பகுதி நச்சுக்கொடியிலேயே வலுவிழந்துவிடுவதால், குழந்தையைச் சென்றடைவது சிறு பங்கேயாகும். தாயின் நோயை அடக்கவேண்டிய மருந்து, சேயின் வாயிலிலே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. சத்திரசிகிச்சை தவிர்க்க முடியாததாயின், மருந்தினால் நோயை அடக்கி வைத்துக்கொண்டே அதனைச் செய்கின்றனர். முன்னொரு முறை இந்நோயைக் கண்டவர்கள் மீண்டும் கருவுறும்போது, மகப்பேற்று மருத்துவரும் தோல் நோய் மருத்துவரும் முன்கூட்டியே கலந்து திட்டமிடுவது வழக்கமாகியுள்ளது.

இவற்றையெல்லாம் கேட்ட தாய்மார் எவரும் அஞ்சவேண்டுவதில்லை. பிரசவத்தின் பின் காயம் சிவந்து சீழ்கொண்டு காய்ச்சல் கண்டால், அது பெரும்பாலும் கிருமியின் வேலையே. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்வதும், கொடுக்கும் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும் கடமை. ஆனாற் சொல்லவேண்டிய செய்திகளைச் சொல்லாது விடுதல் ஆகாது. முன்னர் ஊசி போட்ட இடமோ சிறு கீறலோ பெரும்புண்ணாகியதுண்டா? நெடுநாளாக இரத்தங்கலந்த வயிற்றோட்டம் உண்டா? மூட்டுகள் வீங்கியதுண்டா? துப்புரவு செய்த பின்னர் புண் குறைந்ததா, வளர்ந்ததா? அருகிலிருந்து பார்க்கும் தாய்க்கும் தமக்கைக்கும் தெரிந்த இச்சிறு விவரங்கள், நோயின் பெயரையே மாற்றவல்லன. மஞ்சட் காமாலையின்போது வலி தணிந்தது என்று ஒருவர் சொன்னதும், அதனை ஒரு மருத்துவர் செவிகொடுத்துக் கேட்டதும் உலகுக்கு ஒரு மருந்தைத் தந்தன அல்லவா?

செமல்வைஸ் தம் கையைக் கழுவியபோது தாய்மார் பிழைத்தனர். அவர் காலத்து அறிஞர் தம் கை தூயதென்று நம்பியமையாலேயே அவரை ஏற்க மறுத்தனர். பிற்காலத்தவர் கையைக் கழுவக் கற்றனர். ஆயினும் தாம் கற்றதே முழுமை என்று நம்பியபோது அவர்களும் ஒரு புண்ணைக் காணாது விட்டனர். புண்ணின் விளிம்பைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று நோக்கும் மருத்துவரிடத்திலேதான் இவ்விரண்டு பாடங்களும் ஒன்று சேர்கின்றன. கழுவிய கையும் தாமதித்து வெட்டும் கத்தியும் ஒருங்கே வாய்க்கும் இடத்தில், வீட்டிலே காத்திருக்கும் குழந்தைக்குத் தாய் விரைவிலே திரும்பி வருவாள்.